ஒழுகாத தொட்டிப்பாலம்

கபேனா வாசலில் தண்ணீர் சொட்டுவது ரோம் நகரத்தில் எல்லாருக்கும் தெரியும். தெற்கே இருந்து ஊருக்குள் வருகிறவர்கள், மலைத் தண்ணீரை மேலே சுமந்து வரும் தொட்டிப்பாலத்தின் அடியில் மட்டும் நாலு எட்டு வேகமாக வைத்துப் போவார்கள். சுமை கழுதைகூட அந்த இடத்தில் காதை மடக்கிக்கொள்ளும். ஆனால் அதைப் பற்றி யாரும் பேசியதில்லை. உப்பு வியாபாரி நுமிசியஸ் செய்த தப்பு, அதை வாய்விட்டுச் சொன்னதுதான். அதுவும் ஊர்த் தண்ணீரை நிர்வகிக்கும் அரசாங்கத் தண்ணீர்க் கச்சேரியிலேயே போய்ச் சொன்னான்.

அவன் வம்புக்கு அலைகிறவன் இல்லை. மூட்டை தூக்கித் தூக்கித் தோள் அகன்றுபோன மனிதன், குரல் மட்டும் மெலிசு. பாலத்தின் வளைவு ஒன்றின் அடியில் பலகை அடைத்துக் கடை வைத்திருந்தான். கடைக்கு மேலே ஒரு பரண். அவனும் மனைவி ஹெல்வியாவும் அதில்தான் படுப்பார்கள். ஓஸ்தியா உப்பளத்திலிருந்து வருஷத்துக்கு ஒரு தடவை சரக்கு வரும். அதை மொத்தமாக வாங்கிக் கடையின் பின்பக்கம் அம்பாரமாகக் குவித்து, வருஷம் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக விற்பார்கள். அந்த அம்பாரம்தான் அவர்களுடைய சொத்து, வீடு, அடுத்த வருஷத்துச் சோறு எல்லாம். மற்ற வளைவுகள் எப்படியோ, இந்த வளைவு அதுவரை ஒரு பொட்டு ஈரம் கண்டதில்லை.

ஒரு வசந்த காலத்தில் ஹெல்வியா அம்பாரத்தின் உச்சியில் விரலால் குத்தியதுபோல ஒரு குழியைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதற்குள் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தால் மேல்கல்லில் மயிரிழைபோல ஒரு விரிசல். புருஷனும் பெண்சாதியும் அம்பாரத்தை இடப்பக்கம் தள்ளினார்கள். நீர் கல்லோடு ஊர்ந்து இடப்பக்கம் வந்து சொட்டியது. வலப்பக்கம் தள்ளினார்கள். அங்கேயும் வந்தது.

வாடகை வாங்குகிற ஆளிடம் சொன்னார்கள். கூரை என்னுடையது, தண்ணீர் அரசாங்கத்துடையது, யாருடைய பொருள் ஒழுகுகிறதோ அவர்களைப் போய்க் கேள் என்று சொல்லிவிட்டான். பேச்சில் நியாயம் இருந்ததால் நுமிசியஸ் கச்சேரிக்குக் கிளம்பினான். அடுத்த வளைவில் கோவேறு கழுதைகளை வாடகைக்கு விடும் பாஸ்ஸஸ் அவன் வழியை மறித்துக்கொண்டு நின்றான்.

"போகாதப்பா. அந்தக் கச்சேரிக்குள்ள போன மனுஷன் போன மாதிரியே வெளிய வந்து நான் பாத்ததில்ல. பேசாம ஒரு சட்டிய வெச்சுட்டு வேலையப் பாரு" என்றான்.

நுமிசியஸ் கேட்கவில்லை.

தண்ணீர்க் கச்சேரியின் கூடத்தில், சுவர் முழுக்க தொட்டிப்பாலத்தைப் படமாக எழுதி வைத்திருந்தார்கள். மலையில் புறப்பட்டு, வளைவு வளைவாக நடந்து, ஊருக்குள் வந்து சேரும் படம். நல்ல கைவேலை. அதன் கீழே தலைமைக் குமாஸ்தா ஹெர்மியாஸ் உட்கார்ந்திருந்தார். கிரேக்கர், சாந்தமானவர், யார் என்ன சொன்னாலும் கடைசிவரை கேட்கிறவர். நுமிசியஸ் சொன்னதையும் கடைசிவரை கேட்டார். பிறகு எழுந்து போய்ச் சுவரில் கபேனா வாசல் எழுதியிருந்த இடத்தை மூக்கு உரசுகிற தூரத்தில் நின்று பார்த்தார்.

"இதுல சொட்டு எங்கயும் காணோமே" என்றார்.

படத்தில் இருக்காது, கடையில்தான் இருக்கிறது என்றான் நுமிசியஸ்.

"தொட்டிப்பாலம் ஒழுகாதுப்பா."

"ஒழுகுதுங்க. என் கண்ணால பாக்கறேன்."

"நீ பாக்கறது வேற, ஒழுகறதுங்கறது வேற. வருஷப் பிறப்பன்னிக்கு நம்ம ஆணையர் பெரியவங்க சபையில எந்திரிச்சு நின்னு, ஒரு சொட்டு வீணாகலன்னு சத்தியம் பண்ணியிருக்காரு. இப்ப ஒழுகுதுன்னு நீ சொன்னா அவரு பொய்ச் சத்தியம் பண்ணாருன்னு ஆகும். அப்படியா சொல்ல வர்ற?"

அப்படிச் சொல்ல வரவில்லை என்று நுமிசியஸ் அவசரமாகச் சொன்னான். ஹெர்மியாஸ் அவனைத் தட்டிக்கொடுத்தார். மழைநீரோ, பனியோ, எவனாவது மாடியிலிருந்து கொட்டுகிற கழுநீரோ, எதுவென்று தெரியாமல் பேசக் கூடாது, கொஞ்சம் பிடித்துக்கொண்டு வந்து காட்டு என்றார்.

நுமிசியஸ் ஒரு சட்டியில் பிடித்துக்கொண்டு போனான். ஹெர்மியாஸ் அதில் ஒரு வாய் எடுத்து, கண்ணை மூடி, கன்னத்துக்குக் கன்னம் உருட்டி விழுங்கினார். இன்னும் இரண்டு குமாஸ்தாக்களைக் கூப்பிட்டார். அவர்களும் உருட்டி விழுங்கினார்கள். மூவரும் ஒருமனதாகச் சொன்னார்கள், சந்தேகமே இல்லை, இது மலைநீர், தொட்டிப்பாலத்தில் வருகிற அதே தண்ணீர்.

நுமிசியஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அரசாங்கமே ஒத்துக்கொண்டது. அப்படியானால் இது நம்முடைய தண்ணீர்தானே என்று கேட்டான்.

"நம்மது இல்ல. சக்கரவர்த்தியோடது" என்றார் ஹெர்மியாஸ். சாந்தமாகத்தான் சொன்னார். "அது உன் சட்டிக்குள்ள எப்படி வந்துச்சு?"

அதையும் ஹெர்மியாஸே விளக்கினார். சக்கரவர்த்தியின் தானம் இல்லாமல் அரசாங்கத் தண்ணீரை வீட்டுக்குள் வாங்குகிறவனுக்குச் சட்டத்தில் திருடன் என்று பெயர். அந்தத் தண்ணீரைச் சட்டியில் வைத்துக் கச்சேரிக்கே எடுத்து வந்து சாட்சி காட்டிய திருடனை அவர் இப்போதுதான் பார்க்கிறார். ஆனால் மனிதன் முகத்தைப் பார்த்தால் கெட்டவனாகத் தெரியவில்லை. ஆகவே ஒரு வழி இருக்கிறது. தானம் கேட்டு ஒரு மனு கொடுத்துவிட்டால், வாங்கிய தண்ணீர் முறைப்படி வாங்கியதாகிவிடும்.

"எனக்குத் தண்ணியே வேண்டாங்க" என்றான் நுமிசியஸ்.

கச்சேரியில் எழுதுகோல்கள் நின்றன. அந்தக் கூடத்தில் பிரபுக்கள் தண்ணீர் கேட்டு நின்றிருக்கிறார்கள். குளியல்கூடம் நடத்துகிறவர்கள் தரையில் விழுந்து அழுதிருக்கிறார்கள். வேண்டாம் என்று ஒருவனும் சொன்னதில்லை. ஹெர்மியாஸ் முதல்முறையாகக் குரலைத் தாழ்த்தினார். சக்கரவர்த்தி கொடுக்கக்கூடியதை அவர் கொடுப்பதற்கு முன்பே வேண்டாம் என்று சொல்வதற்கு என்ன பெயர் என்று தெரியுமா என்று கேட்டார். நுமிசியஸுக்குத் தெரியவில்லை. ஆனால் திருட்டைவிடப் பெரிய பெயராக இருக்கும் என்று தோன்றியது. மனுவில் கைநாட்டு வைத்துவிட்டு வந்தான்.

தானம் கிடைக்க வருஷக்கணக்கில் ஆகும் என்று எல்லாரும் சொன்னார்கள். கேட்டவனுக்குத்தான் அப்படி. கேட்காத நுமிசியஸுக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. கட்டியக்காரன் ஒருவன் கடை வாசலில் நின்று சக்கரவர்த்தியின் பட்டங்களை எல்லாம் மூச்சு வாங்க வாசித்து, கடைசியில் நுமிசியஸின் பெயரையும் வாசித்தான். தெருவே கூடிவிட்டது. ஊரில் பெரிய மாளிகைகளுக்குத்தான் சொந்தத் தண்ணீர். மற்றவர்கள் தெருத் தொட்டியில் குடம் வைத்து நிற்கிறவர்கள். அவர்கள் ஒவ்வொருவராக வந்து நுமிசியஸின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். தன் கழுதைகளுக்காக ஒரு குழாய் கேட்டுக் கேட்டு அலுத்துப்போயிருந்த பாஸ்ஸஸ் மட்டும் தூரத்தில் நின்று, "நம்மகிட்ட சொல்லாமலே பெரிய ஆளைப் பிடிச்சிட்ட போல" என்றான். ஹெல்வியா எல்லாருக்கும் தேன் கலந்த திராட்சை மது கொடுத்தாள். உள்ளே அம்பாரத்தின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்து பொறியாளர் காவியஸ் வந்தார். நாலு வேலைக்காரர்கள், ஏணி, உளி, ஒரு தோல்பை நிறைய வெண்கலக் குழல்கள். ஒவ்வொரு குழலிலும் அரசாங்க முத்திரை. காவியஸ் அவற்றைத் துணியில் துடைத்து வரிசையாக வைத்தார், பெற்ற பிள்ளைகளைக் குளிப்பாட்டி உட்கார வைப்பதுபோல. பிறகு ஏணியில் ஏறி விரிசலைப் பார்த்துவிட்டு வருத்தமாக இறங்கினார்.

ரொம்பச் சின்னது என்றார். நல்லதுதானே என்றான் நுமிசியஸ்.

"நல்லதா? நம்மகிட்ட இருக்கறதுலயே சின்னக் குழல் இதோ, இது. சட்டத்துல இதுக்குக் கீழ ஒண்ணு கிடையாது. குழல் வழியா வராத தண்ணிய அளக்க முடியாது. அளக்க முடியாத தண்ணி கச்சேரியப் பொறுத்தவரைக்கும் இல்லாத தண்ணி. இல்லாத தண்ணியையா சக்கரவர்த்தி உனக்குத் தானம் பண்ணியிருக்காரு?"

வேலைக்காரர்கள் ஏணியில் ஏறி விரிசலைக் குழல் அளவுக்கு உளியால் பெரிதாக்கினார்கள். குழலைப் பொருத்தி, ஈயம் காய்ச்சி ஊற்றி, முத்திரை தெரிகிற மாதிரி திருப்பி வைத்தார்கள். அதுவரை சொட்டிக்கொண்டிருந்த தண்ணீர் இப்போது வில்போல வளைந்து பாய்ந்து, நேராக அம்பாரத்தின் நடுவில் விழுந்தது. காவியஸுக்குக் கண் கலங்கிவிட்டது. இவ்வளவு சுத்தமான பாய்ச்சலை அவர் சமீபத்தில் பார்க்கவில்லையாம்.

அன்றிலிருந்து அந்தக் கடைக்குள் நடந்ததை வியாபாரம் என்று சொல்ல முடியாது. ஹெல்வியா தோலை விரித்தாள், பலகையைச் சாய்த்தாள், வீட்டிலிருந்த சட்டி பானை எல்லாவற்றையும் பரப்பினாள். கச்சேரி ஒரு காவலாளியை அனுப்பி வைத்திருந்தது. தானத் தண்ணீரைப் பானையில் பிடித்தால் அனுமதியில்லாமல் சேமித்தல் என்றான் அவன். பானையை எடுத்தாள். தெருவில் ஓடவிட்டால் வீணடித்தல் என்றான். குழலில் துணியை அடைத்தாள். முத்திரையில் கைவைத்தல் என்று சொல்லி அவனே ஏணி போட்டு ஏறித் துணியைப் பிடுங்கினான். கெட்ட ஆள் இல்லை. இறங்கியதும் ஈரமான துணியைப் பிழிந்து அவளிடமே கொடுத்தான்.

அப்படியானால் நாங்கள் என்னதான் செய்வது என்று நுமிசியஸ் கேட்டான். காவலாளி நேர்மையாக யோசித்துப் பார்த்தான்.

"அனுபவிங்க. தானம்தானே" என்றான்.

முடிந்தவரை உப்பைக் கூடைகளில் அள்ளிப் பரணுக்கு ஏற்றினார்கள். பரணின் உத்திரம் முனகத் தொடங்கியதும் நிறுத்த வேண்டியதாயிற்று. மிச்சத்தை விற்றுவிடலாம் என்றால் ஈர உப்பை யார் வாங்குவார்கள்? நுமிசியஸ் ஒரு முக்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். உப்பு கரைவதில் சத்தமே இல்லை. ஒரு பக்கம் சரியும், சரிந்த இடம் கண்ணாடிபோல் மின்னும், பிறகு அந்த இடம் இருக்காது. ஹெல்வியா அவனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலை என்று அவனுக்கு இருந்தது.

கரைந்த உப்பு தெருவோடு இறங்கி, சரிவில் இருந்த தெருத் தொட்டிக்குப் போனது. பாஸ்ஸஸின் கழுதைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டன. தாகம் தாங்காமல் குடித்த ஒன்றுக்கு வயிற்றால் போய், சுருண்டு படுத்துவிட்டது. பாஸ்ஸஸ் கையை ஓங்கிக்கொண்டுதான் வந்தான். உள்ளே நின்றுகொண்டிருந்த இருவரையும், முழங்கால் உயரத்துக்கு இறங்கிவிட்ட அம்பாரத்தையும் பார்த்ததும் கையை இறக்கிக்கொண்டு, அவனும் ஒரு கூடையை எடுத்து அள்ளத் தொடங்கினான். அவன் அள்ளிக்கொண்டிருக்கும்போதே சம்மன் வந்துவிட்டது. பொதுத் தண்ணீரைக் கெடுத்த குற்றத்துக்காக நுமிசியஸ் நீர் ஆணையர் முன் நிற்க வேண்டும்.

நீர் ஆணையர் பபீனியஸ் பிரபு வம்சம். சிவப்புக் கரை போட்ட வெள்ளை அங்கி, கனத்த கன்னம். விசாரணைக்கு வந்திருந்தது நுமிசியஸ், ஹெல்வியா, பாஸ்ஸஸ், வேறு வழக்குக்காகக் காத்திருந்த இரண்டு மூன்று பேர், அவ்வளவுதான். ஆனால் அவர் பெருங்கூட்டத்தின் முன் நிற்பதுபோல் வலது கையை நீட்டிக்கொண்டுதான் பேசினார்.

"ரோம் மக்களே, நம்ம முன்னோருங்க மலையைக் குடைஞ்சாங்க. பள்ளத்தாக்கைத் தாண்டுனாங்க. எதுக்கு? ஒருத்தன் உப்பு கரைக்கறதுக்கா? நான் இந்தப் பதவிக்கு வந்தப்போ தண்ணியப் பத்தி எனக்கு ஒண்ணும் தெரியாது. அதை நான் மறைச்சதே இல்ல. இன்னிக்கும் தெரியாது. ஏன்னா எனக்கு முன்னாடி இருந்தவரு தெரிஞ்சுக்கப் பாத்தாரு. தெரிஞ்சதுக்கு அப்புறம் ஏதாவது செய்யணும்னு தோணிச்சு, உடம்பு கெட்டு ஊருக்கே போயிட்டாரு. தண்ணி கீழ்ப்பக்கம் ஓடும். அது எனக்குப் போதும். என் மாளிகைக்கு நாலு குழாய் வருது. ஒண்ணு குளிக்க, ஒண்ணு தோட்டத்துக்கு, ஒண்ணு மீன்குளத்துக்கு. நாலாவது எதுக்குன்னு எனக்கே தெரியாது, அது பாட்டுக்கு ஓடிக்கிட்டிருக்கு. ஆனா என் குளத்துல இருக்கற மீன் ஒண்ணாவது, தண்ணி ஜாஸ்தின்னு இதுவரைக்கும் கச்சேரிக்கு வந்திருக்கா? மீனுக்கு இருக்கற நன்றி மனுஷனுக்கு வேண்டாமா?"

பக்கத்தில் நின்ற குமாஸ்தாக்கள் தலையாட்டினார்கள். நுமிசியஸும் தன்னையறியாமல் தலையாட்டினான்.

அப்போது காவியஸ் எழுந்து ஒரு சட்டத்தை வாசித்தார். தொட்டிப்பாலத்தின் இரு பக்கமும் ஐந்து அடிக்குள் எந்தக் கட்டடமும் இருக்கக் கூடாது. நுமிசியஸின் கடை பாலத்தின் அடியிலேயே இருப்பதாகச் சொல்லப்படுகிறது. இருக்கக் கூடாத இடத்தில் ஒரு கடை இருப்பதாகக் கச்சேரி ஒப்புக்கொண்டால், இத்தனை வருஷமாகக் கச்சேரி தூங்கியது என்று ஆகிவிடும். ஆகவே கடை இல்லை. இல்லாத கடைக்குள் உப்பு இருக்க முடியாது. இல்லாத உப்பு தண்ணீரைக் கெடுக்க முடியாது.

பபீனியஸ் இதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டு நுமிசியஸை விடுதலை செய்தார்.

"அப்ப என் கழுதைக்கு வயித்தால போனது?" என்று பாஸ்ஸஸ் கேட்டான்.

"அது அதோட சுபாவம்" என்றார் ஆணையர்.

கடையே இல்லையென்றால் தானம் எப்படிச் செல்லும் என்று ஹெல்வியா கேட்டாள். தானம் ஆளுக்குத்தான், இடத்துக்கு இல்லை என்றார் ஹெர்மியாஸ். ஆள் இதோ நிற்கிறானே. அப்படியானால் அந்தக் குழலை மட்டும் அடைத்துவிடுங்கள், எங்களுக்கு வேறெதுவும் வேண்டாம் என்று நுமிசியஸ் கையெடுத்துக் கும்பிட்டான். கரைந்தது கரைந்ததாகவே போகட்டும், பரணில் இருப்பதை வைத்து மறுபடி ஆரம்பித்துக்கொள்கிறோம் என்றான். ஹெர்மியாஸுக்கு மனசு கேட்கவில்லை. பக்கத்தில் வந்து தோளில் கைவைத்தார்.

"சக்கரவர்த்தி கொடுத்ததை நாங்க எப்படிப்பா நிறுத்துவோம்? ஆனா நீ கவலைப்படாத. தானம் ஆளோட ஆயுசு வரைக்கும்தான். நீ செத்த மறுநாளே ஆள் வந்து அடைச்சிடுவான். அந்த ஒரு விஷயத்துல மட்டும் எங்க கச்சேரி தாமதிச்சதே கிடையாது."

ஆறுதலாகத்தான் சொன்னார்.

மூன்று பேரும் திரும்பி நடந்தார்கள். வாசல் கோபுரம் கண்ணில் படுகிற இடத்தில் ஹெல்வியா நின்றாள்.

"செத்துடுங்க" என்றாள்.

நுமிசியஸ் அவளைப் பார்த்தான். அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

"இத்தனை நாள்ல அதை நிறுத்த அவங்க சொன்ன வழி இது ஒண்ணுதான். இதையும் செஞ்சு பாத்துடுவோம்."

பிணத்துக்கு எங்கே போவது என்று பாஸ்ஸஸ் கேட்டான். கடலில் விழுந்தவனுக்குப் பிணம் வேண்டாம் என்றாள் அவள். சரக்கு பார்க்க ஓஸ்தியாவுக்குப் போனார், படகு கவிழ்ந்தது, அலை இழுத்துக்கொண்டது. தன் சாவைப் பற்றி இரண்டு பேர் இவ்வளவு அக்கறையாகப் பேசும்போது குறுக்கே என்ன சொல்வதென்று நுமிசியஸுக்குத் தெரியவில்லை.

ஹெல்வியா கறுப்பு உடுத்திக்கொண்டு லிபித்தீனா தேவியின் கோயிலுக்குப் போய்ச் சாவைப் பதிந்தாள். ரோமில் உயிரோடு இருப்பதை நிரூபிக்கப் பல சாட்சிகள் வேண்டும். சாவுக்கு ஒரு நாணயம் போதும். அங்கிருந்து நேராகக் கச்சேரிக்குப் போனாள். ஹெர்மியாஸ் இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். உண்மையாகவே வருந்தினார்.

"எப்படிம்மா?"

"தண்ணில போயிட்டாருங்க."

ஹெர்மியாஸ் கையை எடுத்தார். "எங்க தண்ணியா, கடல் தண்ணியா?"

"கடல் தண்ணிங்க."

"நல்லது" என்றவர், உடனே திருத்திக்கொண்டு அது பெரிய துக்கம் என்றார்.

நுமிசியஸ் பரணில் உப்புக் கூடைகளுக்கு நடுவே படுத்துக் கிடந்தான். கீழே தண்ணீர் ஓயாமல் விழுந்துகொண்டிருந்தது. தெருக்காரர்கள் துக்கம் விசாரிக்க வந்தார்கள். நல்ல மனிதன் என்றார்கள். கடைசிக் காலத்தில் உப்பு மட்டும் கொஞ்சம் ஈரமாக இருந்தது என்றார்கள். அவ்வளவு பெரிய தானம் கிடைத்தும் அனுபவிக்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று ஒருத்தி அங்கலாய்த்தாள். பாஸ்ஸஸ் நடிக்கிறேன் என்று அழ ஆரம்பித்து, பிறகு நிறுத்த முடியாமல் நிஜமாகவே அழுதான். பலகை இடுக்கு வழியாக அதைப் பார்த்த நுமிசியஸுக்கும் கண்ணில் நீர் வந்தது. எதற்காக அழுகிறோம் என்று கேட்டால் இரண்டு பேருக்குமே சொல்லத் தெரிந்திருக்காது.

சொன்னபடியே மறுநாள் ஆட்கள் வந்தார்கள். ஏணி சார்த்துகிற சத்தம் கேட்டது, பிறகு உளி, பிறகு சுத்தியல். நுமிசியஸ் எழுந்து உட்கார்ந்து கேட்டான். அடைக்கிறார்கள். ஒரு கல்லை வைத்து அடைப்பதற்கு இவ்வளவு நேரம் ஆகாதே என்று தோன்றியபோது கீழேயிருந்து ஹெல்வியாவின் குரல் கேட்டது. யாரிடமோ கேள்வி கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு அவள் கேட்பதை நிறுத்திவிட்டாள். அவன் பரண் விளிம்புக்கு ஊர்ந்து வந்து எட்டிப் பார்த்தான். கடையின் முன்பலகைகள் கழற்றித் தெருவில் அடுக்கப்பட்டிருந்தன. குழலைச் சுற்றிப் பளிங்கில் ஒரு சிங்கமுகம் பொருத்திக்கொண்டிருந்தார்கள். தண்ணீர் இப்போது சிங்கத்தின் வாய்வழியாக வந்தது. அம்பாரம் இருந்த இடத்தில் அரைவட்டமாக ஒரு கல்தொட்டி.

ஹெர்மியாஸ் பக்கத்தில் நின்று ஹெல்வியாவுக்குப் பொறுமையாக விளக்கினார். அடைப்பதென்றால் அங்கே ஒரு துளை இருந்ததாக ஆகும். துளை இல்லை என்று ஆணையர் சபையில் சொல்லியாகிவிட்டது. தவிர, சக்கரவர்த்தியின் பிறந்தநாள் வருகிறது. மக்களுக்குப் புதிதாக ஒரு நீரூற்று கொடுக்க வேண்டும். தயாராக ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது, அதற்குப் பெயர் வைக்க ஒரு நல்ல மனிதரும் செத்திருக்கிறார்.

"ஆனா நீங்கதானே சொன்னீங்க, செத்தா நின்னுடும்னு."

"அது தனி ஆளுக்குக் கொடுத்ததும்மா. அவரோட அது முடிஞ்சுபோச்சு. இது பொதுமக்களுக்குக் கொடுக்கறது. பொதுமக்கள் சாகற வரைக்கும் ஓடும்."

பிறந்தநாளன்று கபேனா வாசலில் கால் வைக்க இடமில்லை. நுமிசியஸும் இறங்கிப் போய்க் கூட்டத்தோடு நின்றான். யாரும் தடுக்கவில்லை, கவனிக்கவும் இல்லை. ஹெர்மியாஸ் மட்டும் பார்த்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, ஹெல்வியாவிடம் குனிந்து, உங்கள் வீட்டுக்காரருக்குத் தம்பி இருக்கிறாரா என்று கேட்டார். அவள் ஆமாம் என்றாள். அசப்பில் அப்படியே இருக்கிறார் என்று சொல்லி ஹெர்மியாஸ் நகர்ந்துகொண்டார்.

பபீனியஸ் வலது கையை நீட்டினார். தண்ணீரை உயிரினும் மேலாக நேசித்த ஒரு எளிய குடிமகனைப் பற்றிப் பேசினார். அவன் தானம் கேட்டுக் கச்சேரிக்கே வந்து மனுவில் கைநாட்டு வைத்ததை, கிடைத்த அன்று தெருவுக்கே விருந்து வைத்ததை, தன் குழலின் அடியில் முக்காலி போட்டு மணிக்கணக்கில் அதன் அழகைப் பார்த்துக்கொண்டிருந்ததை எல்லாம் சொன்னார். ஒரு பொய் இல்லை. கச்சேரிக்கு எத்தனையோ பேர் குறை சொல்ல வருகிறார்கள், இவர் வாயிலிருந்து ஒரு குறைகூட வந்ததாகக் கச்சேரிக்கு நினைவில்லை என்று முடித்தார். கூட்டம் கைதட்டியது. சிங்கத்தின் தலைக்கு மேலே கல்லில் நுமிசியஸின் பெயர் வெட்டியிருந்தது. அவனுக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஹெல்வியாதான் விரலால் காட்டினாள்.

அவன் கையைத் தூக்கினான். ஏதோ சொல்ல வேண்டும்போல் இருந்தது. எதை, யாரிடம், யாராக நின்று சொல்வது என்று தெரியாமல் கை அப்படியே நின்றது. கூட்டத்தில் எல்லாரும் ஆணையரை வாழ்த்திக் கையைத் தூக்கியிருந்ததால் அது தனியாகத் தெரியவில்லை.

கூட்டம் கலைந்ததும் ஹெல்வியா பரணில் இருக்கும் கூடைகளை இறக்க ஒரு கழுதை வேண்டும் என்று பாஸ்ஸஸைக் கேட்கப் போனாள். எங்கே கொண்டு போவது என்று அவளுக்கும் தெரியவில்லை. நுமிசியஸ் கல்தொட்டியின் பக்கத்திலேயே நின்றான். குடங்களோடு பெண்கள் வரிசை கட்டிவிட்டார்கள். இனிமேல் சரிவில் இறங்கிப் பழைய தெருத் தொட்டிவரை போக வேண்டியதில்லை என்று அவர்களுக்கு ஒரே சந்தோஷம். அதில் ஒருத்தி, புதிதாகக் குடி வந்தவள், அவன் முகத்தைப் பார்த்துவிட்டு ஒரு குவளையைக் கழுவி நிரப்பி நீட்டினாள்.

"குடிங்க. யாரோ ஒரு மகராசன், செத்தும் கொடுத்துட்டுப் போயிருக்கான்" என்றாள்.

நுமிசியஸ் வாங்கிக் குடித்தான். பல்லைக் கூசவைக்கும் குளிர்ச்சி. நல்ல தண்ணீர். உப்பு கொஞ்சம்கூட இல்லை.